நீலக் களி

ஆலாம்புதூர், ஊத்துக்குளி வழி
18-8-2024, ஞாயிறு

ராக்கையாவுக்கு லிங்கசாமி சொல்லி எழுதிக்கொள்வது.

எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல அனுசுயா எழுதுகிறாள். விருதுநகர்ப் பக்கத்துப் பெண். பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள். செம்மாண்டன் குளத்துக்குக் கீழே லைன் வீட்டில் குடியிருக்கிறாள். உன் விலாசம் நீ அனுப்பிய கல்யாணப் பத்திரிகையில் இருந்தது. உன் மகள் கல்யாணம் நடந்து இரண்டு வருடம் ஆகிறது. நான் வரவில்லை. ஏன் வரவில்லை என்பது நமக்குள் இருக்கட்டும்.

இப்போது எழுதச் சொன்ன காரணம் வேறு. நீ வேலை பார்த்த சாயப்பட்டறை கெடுத்துவிட்டுப் போன குளத்தை நாங்கள் சரிசெய்துகொண்டிருக்கிறோம். பதினோரு மாதமாக. ஞாயிறு விடிந்ததும் முப்பது நாற்பது பேர் வந்துவிடுகிறார்கள். எல்லாம் டைலர், கட்டிங் மாஸ்டர், அயர்னிங் போடுகிறவர்கள். ஆறு நாள் கம்பெனிக்கு, ஏழாம் நாள் குளத்துக்கு. எல்லோரையும் கூட்டுகிறவள் இந்த அனுசுயாதான். "அதெல்லாம் எழுத வேணாம் பெரியப்பா" என்கிறாள். எழுது கண்ணு என்று சொல்லிவிட்டேன்.

சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கியாயிற்று. கரையில் முன்னூற்று நாற்பது கன்று நட்டு, கம்பெனியில் கழித்த பனியன் துணியைக் கிழித்துக் குச்சியோடு கட்டியிருக்கிறோம். போன மழையில் குளம் கால்வாசி நிரம்பியது. அதற்கே லைன் வீட்டுக் கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறிவிட்டது. நாற்பது குடும்பம் அதைத்தான் குடிக்கிறது. மருதாள் என்று ஒருத்தி, வாயாடி. "டேங்கர்காரன் மூஞ்சியப் பாத்து எட்டு மாசமாச்சுங்க, பாவம் எளைச்சிருப்பான்" என்கிறாள்.

குளம் முழுக்க நிரம்பவேண்டுமானால் பழைய வாய்க்கால் வேண்டும். தாலுகா ஆபீஸ் படத்தில் கோடு இருக்கிறது, தரையில் இல்லை. அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். கல் மதகில் முதுகை வைத்து நின்று கிழக்கே இருநூற்றுப் பன்னிரண்டு எட்டு வைத்தேன். இங்கே இரட்டைப் பனை என்றேன். இல்லை என்றார்கள். தோண்டுங்கள் என்றேன். பனையின் அடிக்கட்டை இரண்டும் ஒரு முழத்தில் கிடந்தன. பொடிசுகள் கை தட்டின. அறுபது வருடத்துக் கணக்கு, ராக்கையா. ஒரு எட்டுப் பிசகவில்லை.

புரட்டாசி முதல் ஞாயிறு பனைக்கும் மதகுக்கும் நடுவே வாய்க்காலைத் திறக்கிறோம். கெடுத்தவர்களில் ஒருவனாவது வந்து பார்க்கவேண்டும் என்று தோன்றியது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

லிங்கசாமி, கைநாட்டு


கீழக்கரிசல்பட்டி, சங்கரன்கோவில் வழி
27-8-2024

மரியாதைக்குரிய அண்ணாச்சிக்கு ராக்கையா எழுதுவது.

உங்கள் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். சுற்றி வளைக்காமல் முதலில் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பனைக்கும் மதகுக்கும் நடுவே தோண்டவேண்டாம்.

கோர்ட்டு பட்டறைகளை மூடச் சொன்ன வருடம் தை மாதம். அதிகாரிகள் வருமுன் தொட்டிகளைக் காலி பண்ணச் சொன்னார் முதலாளி. தொட்டி அடியில் தங்கிய சாயச் சேற்றை சிமெண்டு சாக்கில் அள்ளி அந்த வாய்க்காலில்தான் போட்டு மூடினோம். டிராக்டர் ஓட்டியது நான். மேலே இரண்டு அடி செம்மண். நீங்கள் அந்த வாரம் தாராபுரத்தில் மகள் பிரசவத்துக்குப் போயிருந்தீர்கள். அதனால்தான் உங்களுக்குத் தெரியாது. நீங்கள் ஊரில் இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

சாக்கெல்லாம் இந்நேரம் மக்கியிருக்கும். சேறு மக்காது. காய்ந்தால் நீலம் பூத்த களி மாதிரி இருக்கும், பார்த்தால் தெரியாது. அதன்மேல் மழை ஓடினால் எல்லாம் குளத்துக்கு வரும். குளத்துக்கு வந்தால் கிணற்றுக்கு வரும். வாய்க்காலை வடக்கே அறுபது அடி தள்ளி வெட்டச் சொல்லுங்கள்.

போனில் சொல்லலாம். உங்கள் நம்பர் என்னிடம் இல்லை. இருந்தாலும் உங்கள் குரலைக் கேட்கிற தைரியம் இன்னும் வரவில்லை. டீக்கடையில் அத்தனை பேர் முன்னால் செருப்பைக் கழற்றி என்னை அடித்தீர்கள். "என்ற எருமைகளைக் கொன்னவனே" என்றீர்கள். பன்னிரண்டு வருடம் ஆகிறது. காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நான் திருப்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

முதலாளி இப்போது உங்கள் ஊரில் பெரிய மனிதர் என்று கேள்வி. இதை நான்தான் சொன்னேன் என்று தெரிந்தால் முதலில் என் கையில்தான் விலங்கு விழும். ஆனாலும் கையெழுத்துப் போட்டே அனுப்புகிறேன். கிடைத்ததும் ஒரு வரி போடச் சொல்லுங்கள்.

ராக்கையா


கீழக்கரிசல்பட்டி
3-10-2024

அண்ணாச்சிக்கு,

பதில் இல்லை. புரட்டாசி முதல் ஞாயிறும் போய்விட்டது. நான் எழுதியதை ஏற்றுக்கொண்டு வாய்க்காலைத் தள்ளி வெட்டியிருப்பீர்கள், எனக்குப் பதில் எழுதத்தான் மனம் வரவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். அது போதும். எனக்குப் பதில் வேண்டாம், அங்கே கிணறு பிழைத்தால் சரி.

இங்கே மேகம் கூடுகிறது. அங்கேயும் பெய்யும்.

ராக்கையா


ஊத்துக்குளி ரயில் நிலையம்
11-11-2024

ராக்கையா,

இதை எழுதுகிறவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஈரோட்டுக்குப் போகிற வண்டிக்குக் காத்திருக்கிறவர். காலையிலிருந்து ஆள் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஊருக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் உன் இரண்டு கடிதத்தையும் நீட்டி, "படிச்சுச் சொல்லுங்க சாமி" என்றேன். பிரிக்கவே இல்லையே என்றார். ஆமாங்க, பிரிக்கவில்லை என்றேன்.

முதல் கடிதம் ஆவணியில் வந்தது. தபால்காரர் கையில் கொடுத்தார். வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு அனுசுயாவின் லைன் வீடு வரை போனேன். வாசலில் நின்றேன். "கடுதாசியா பெரியப்பா, குடுங்க படிக்கேன்" என்று கை நீட்டினாள். இல்லை கண்ணு, கரண்டு பில்லு என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

நீ செருப்புச் சமாச்சாரம் எழுதியிருப்பாய் என்று பயம். அந்தப் பிள்ளைக்கு நான் பெரிய மனிதன். கேட்டதெல்லாம் ஞாபகத்திலிருந்து சொல்கிற பெரியப்பா. அவள் பக்கத்து ஆளான உன்னைச் செருப்பால் அடித்தவன் என்று அவள் வாயாலேயே படித்து நான் கேட்கவேண்டுமா? வாய்க்கால் திறந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சாமி படத்துக்குப் பின்னால் செருகினேன். இரண்டாவதையும் அங்கேயே செருகினேன்.

நீ சொன்னபடிதான் இருந்தது. பொக்லைன் இரண்டடி இறங்கியதும் நீலம் தெரிந்தது. அனுசுயா வண்டியை நிறுத்தச் சொன்னாள். ஒரு கட்டியை எடுத்து வந்து, "இது என்ன பெரியப்பா, ஒரு மாதிரி வாடை அடிக்கி" என்றாள். கையில் வாங்கி உடைத்துப் பார்த்தேன். நாற்பது பேர் என் வாயைப் பார்த்தார்கள். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "குளத்துக் களி கண்ணு. பழைய களி நீலம் பாஞ்சுதான் இருக்கும். இது காட்டுக்குப் போட்டா மூணு போகம் எருவே வேண்டாம்" என்றேன்.

அப்புறம் என்ன? குளத்து வண்டல் என்றால் நம் ஊரில் விடுவார்களா? பொதுவில் கிடைக்கிற மண், முந்தினவனுக்கு முன்னூறு கூடை. ஆளுக்கொரு வண்டி அடித்தார்கள். லைன் வீட்டுப் பெண்கள் பிளாஸ்டிக் குடத்தில் சுமந்து கிணற்றைச் சுற்றி நின்ற வாழைக்குப் போட்டார்கள். பிள்ளைகள் வெறுங்காலோடு மிதித்துக் கொடுத்தன. நாங்கள் கரைக் கன்றுகளுக்கு ஆளுக்கு ஒரு கூடை வைத்தோம். நானே என் கையால் பதினேழு கன்றுக்கு வைத்தேன்.

ஐப்பசி மழை நல்ல மழை. இரண்டு நாளில் குளம் நிரம்பி எல்லோரும் கரையில் நின்று பார்த்தோம். மூன்றாம் நாள் மீன் மிதந்தது. ஐந்தாம் நாள் கிணற்றுத் தண்ணீர் கத்தரிக்காய்த் தோல் நிறம். மருதாள் ஒரு குடம் இறைத்து வந்து என் காலடியில் ஊற்றினாள். "பெரியவரே, உங்க ஞாபகத்த ஊத்தி ஒரு உலை வெச்சுக் காட்டுங்க" என்றாள். அவள் பேத்திக்குக் கால் முழுக்கக் கொப்புளம். பெருந்துறை ஆஸ்பத்திரியில் பத்து நாளாகக் கிடக்கிறது. கன்றுகள் இலை கருகி நிற்கின்றன. பனியன் துணி மட்டும் வெளுக்காமல் இருக்கிறது.

அதிகாரிகள் வந்து, இங்கே தோண்டச் சொன்னது யார் என்று கேட்டார்கள். நான் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன். அனுசுயா என்னைப் பார்க்கவே இல்லை. "நான்தான் சார். படத்தப் பாத்து நானே சொன்னேன்" என்றாள். எழுதிக்கொண்டார்கள். இப்போது ஊரே அவளைத் திட்டுகிறது. "பொழைக்க வந்தவளுக்கு எதுக்குங்க ஊர்க் கொளம்" என்கிறார்கள். கம்பெனி வேலையும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை யாரும் வருவதில்லை. அவள் மட்டும் ஒற்றை ஆளாகக் குளத்தில் செத்த மீனை அரித்துக்கொண்டிருக்கிறாள்.

கடிதத்தைப் படித்து முடித்ததும் இந்த மனிதர் முதல் கடிதத்தின் தலைப்பை விரலால் தொட்டுக் காட்டினார். "தேதி ஆகஸ்டு இருபத்தேழுங்க" என்றார். தோண்டுவதற்கு இருபத்தாறு நாள் முந்தி.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுது. வாய்க்கால் மட்டும்தானா? வேறு எங்கே போட்டீர்கள்? வண்டி வருகிறது என்கிறார். இத்தோடு நிறுத்துகிறேன்.

லிங்கசாமி


கீழக்கரிசல்பட்டி
20-11-2024

அண்ணாச்சிக்கு,

முன்பின் தெரியாத கையெழுத்தில் உங்கள் கடிதம். பாதி படித்ததும் வெளியே போய் உட்கார்ந்துவிட்டேன். என் பெண்சாதி, "யாரு செத்தது?" என்று கேட்டாள்.

பிரிக்கவே இல்லையா அண்ணாச்சி? உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எழுதினேன். பெயர் போட்டு, கையெழுத்துப் போட்டு எழுதினேன். அந்தச் செருப்படியைப் பற்றி நான் எழுதியிருப்பேன் என்று உங்களுக்குப் பயம். சரிதான், எழுதியும்தான் இருந்தேன். நாலு வரி. அந்த நாலு வரியை எழுதாமல் விட்டிருந்தாலும் நீங்கள் பிரித்திருக்கப் போவதில்லை. ஆனாலும் ஏன் எழுதினோம் என்று இப்போது மனம் அறுக்கிறது.

என் பேரிலும் பழி இருக்கிறது. நேரில் வந்திருக்கலாம். சங்கரன்கோவிலிலிருந்து ஒரு ராத்திரி பஸ். கடிதம் போட்டோம், கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். பதில் வராதபோது எனக்கு வசதியானதை நினைத்துக்கொண்டேன்.

வேறு எங்கே என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்து இன்னும் ஒரே ஒரு இடம். உங்கள் தெற்குக் காட்டுக் கிணறு.

இதைத்தான் இன்னொரு நாள் எழுதுகிறேன் என்றேன். எருமைக் கன்று விழுந்து செத்த வற்றிய கிணறு. நீங்கள் தாராபுரத்திலிருந்து திரும்பிய மறுவாரம் முதலாளி வந்து, "சும்மா கெடக்குது, நம்ம வண்டியிலயே மண்ணடிச்சு மூடித் தாரனுங்க" என்றார். உங்களுக்குச் சந்தோஷம். நான் டிராக்டரில் கொண்டுவந்து தட்டினேன். அடியில் சேறு, மேலே மண். பதினொரு நடை. வெயில் என்று சொல்லி ஒவ்வொரு நடைக்கும் நீங்கள் எனக்கு ஒரு செம்பு மோர் கொடுத்தீர்கள். அந்த மோரைக் குடித்துவிட்டுத்தான் தட்டினேன்.

அடுத்த வருடம் கிணற்றடி போர்வெல் தண்ணீர் குடித்து உங்கள் நாலு எருமையும் விழுந்தன. நீங்கள் ஆத்திரத்தில், சாயப்பட்டறைக்காரன் என்று குத்துமதிப்பாகத்தான் என்னை அடித்தீர்கள். அடி சரியான ஆள் மேல்தான் விழுந்தது. அதனால்தான் நான் வாய் திறக்கவில்லை. ஊரை விட்டதும் அதனால்தான்.

அதிகாரி முன்னால் சொல்லவேண்டுமானால் சொல்கிறேன். எனக்கு அறுபத்தைந்து ஆகிறது, இனி எதற்குப் பயம் என்று பகலில் தோன்றுகிறது. மகள் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று உடனே இன்னொன்றும் தோன்றுகிறது. நீங்கள் கூப்பிட்டால் வருவேன். அனுசுயா என்கிற அந்தப் பெண்ணிடம் இந்தக் கடிதத்தைக் கொடுங்கள். பயப்படாதீர்கள். அவளே படிக்கட்டும்.

ராக்கையா


ஆலாம்புதூர்
8-12-2024, ஞாயிறு

ராக்கையாவுக்கு,

அனுசுயா எழுதுகிறாள். முன்போல் நடுவில் பேசுவதில்லை. நான் சொல்கிறேன், எழுதுகிறாள்.

உன் மூன்றாவது கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைக்கவில்லை. மூன்றையும் எடுத்துக்கொண்டு நேரே லைன் வீட்டுக்குப் போனேன். அவள் டேங்கர் வரிசையில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அங்கேயே கொடுத்தேன். வரிசை நகர நகரப் படித்தாள். முதல் கடிதத்தின் தேதியை இரண்டு முறை பார்த்தாள். எல்லாவற்றையும் படித்து முடித்து, "கரண்டு பில்லுன்னீகளே பெரியப்பா" என்றாள். அவள் முறை வந்தது. குடத்தை வைத்துப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

போன ஞாயிறு பள்ளிக்கூட மைதானத்தில் ஊர்க்கூட்டம். அதிகாரிகளும் வந்தார்கள். உன் பழைய முதலாளி முன்வரிசையில் உட்கார்ந்து, "விவரமில்லாதவங்க கையில ஊர்ச் சொத்தக் குடுத்தா இப்படித்தானுங்க ஆகும்" என்று பேசினார். நான் எழுந்து, எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது, படிக்கவேண்டும் என்றேன். அனுசுயா மாட்டேன் என்றாள். மருதாள்தான் அவளைப் பிடித்துத் தள்ளினாள். "படி புள்ள. பெரியவருக்கு நீ எதுக்குக் காவலு?" என்றாள்.

மூன்றையும் படித்தாள். செருப்படியும் படித்தாள். நான் நின்றே கேட்டேன். கிணறு வந்த இடத்தில் முதலாளி எழுந்து போய்விட்டார். யாரும் என்னைத் திட்டவில்லை. என் அண்ணன் மகன் மட்டும் பக்கத்தில் வந்து, "வயசான காலத்துல வாய வெச்சுட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா சித்தப்பா? நம்ம தோட்டம் இனி எவன் வாங்குவான்?" என்று காதுக்குள் கேட்டான். களி அள்ளிப்போன காட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள், அவரவர் மண்ணைப் பார்க்க.

செவ்வாய்க்கிழமை அதிகாரிகள் தெற்குக் காட்டுக் கிணற்றைத் தோண்டினார்கள். ஆறடியில் நீலம், அதற்குக் கீழே சிவப்பு. மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணாடிக் குப்பியில் எடுத்தார்கள். லைன் வீட்டுக் கிணறு இனி எத்தனை வருடத்துக்கு ஆகாது என்று கேட்டேன். கைவிரித்தார்கள். மருதாள் பேத்தி வீட்டுக்கு வந்துவிட்டது, கால் இன்னும் தரையில் ஊன்றமாட்டேன் என்கிறது. லைன் வீட்டில் ஒன்பது குடும்பம் வேலம்பாளையம் பக்கம் வீடு பார்த்துப் போயிற்று. அனுசுயா போகவில்லை. எங்களை மன்னித்துவிட்டாள் என்று எழுதச் சொல்லமாட்டேன். அதை அவள்தான் எழுதவேண்டும். எழுதமாட்டாள்.

இன்று காலை அவளும் நானும் மருதாளும் இன்னும் இரண்டு பேரும் குளத்துக்குப் போனோம். செத்த கன்றுகளைக் களியோடு பெயர்த்துச் சாக்கில் கட்டினோம். நான் வைத்த பதினேழும் எவை என்று எனக்குத் தெரியும். அவற்றை நானே பெயர்த்தேன்.

நீ வரவேண்டும். கூப்பிட்டால் வருவேன் என்று எழுதினாய், கூப்பிடுகிறேன். என் வீட்டில் தங்கு. வாசலில் வைத்து உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது, அதைக் கடிதத்தில் சொல்லமாட்டேன். மறுநாள் கோயம்புத்தூரில் அதிகாரி முன்னால் இரண்டு பேரும் வாக்குமூலம் கொடுக்கவேண்டும். நான் ரேகை வைப்பேன், நீ கையெழுத்துப் போடு.

அதற்கு முன்னால் ஒரு திருத்தம். என் கிணற்றில் பதினொரு நடை என்று எழுதியிருக்கிறாய். பதினொன்று இல்லை ராக்கையா, பதினான்கு. வெள்ளிக்கிழமை ஐந்து, சனிக்கிழமை ஆறு, திங்கட்கிழமை மூன்று. சனிக்கிழமை கடைசி நடையில் வண்டியின் பின்கதவு திறக்காமல் நீ கடப்பாறையால் நெம்பினாய். இறங்கியது நீலமாக இருந்தது. இதென்னப்பா நிறம் என்று உன்னைக் கேட்க வாயெடுத்தேன். கிணறு ஓசியில் மூடுகிறதே என்று கேட்காமல் செம்பைக் கழுவி வைத்தேன். அதுவும் ஞாபகம் இருக்கிறது.

அவர்கள் கேட்டால் பதினான்கு என்றே சொல். குறைத்துச் சொல்லாதே.

லிங்கசாமி, கைநாட்டு